வீடே பிள்ளையின் நோய்க்குக் காரணமாக இருந்ததைக் கண்டவர்கள் பகிருங்கள்

செவிலியர்:
அடிக்கடி இளைப்பு வரும் ஐந்து வயதுச் சிறுவனைப் பார்க்க அவனுடைய வீட்டுக்குச் சென்றிருந்தேன். கட்டில் ஈரச் சுவரை ஒட்டிக் கிடந்தது. சுவரில் படர்ந்திருந்த கரும்பூஞ்சையில் அவன் விரலால் ஒரு வீடு வரைந்து, "இதுதான் கதவு" என்று காட்டினான். இன்ஹேலரை முறையாக இழுக்கத் தெரிந்த பிள்ளை, மருந்தும் தவறவில்லை. ஆனால் ஒவ்வோர் இரவும் உறங்குவது அந்தச் சுவரருகில்தான். சன்னலைத் திறந்து வைக்கும்படி தாயிடம் சொன்னேன். மருந்துச் சீட்டில் சுவரைப் பற்றி எழுத இடமில்லை.

வாடகை வீட்டிலிருக்கும் தாய்:
செவிலியர் மீது எனக்கு மதிப்பு உண்டு. எனினும் சன்னலைத் திறக்கச் சொல்வது பழியைத் தாயின் தலையில் போடுவதாகும். எங்கள் வீட்டில் சுவருக்குள் ஓடும் குழாய் கசிந்துகொண்டிருந்தது; உரிமையாளரோ பூஞ்சையின் மேலேயே வெள்ளையடித்துவிட்டுப் போனார். கசிவை அடைக்காதவரை பூஞ்சை திரும்பத்தான் செய்யும். இரவெல்லாம் இருமிய மகள் பள்ளியில் தூங்கி விழுந்தாள். அவளைச் சோம்பேறி என்று குறித்தனுப்பினார்கள்.

ஆசிரியர்:
அப்படிக் குறிக்கும் முன் வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதே என் கருத்தும். என் வகுப்பில் ஒரு சிறுமி பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்புவதில்லை. செவியைச் சோதித்தபோது குறை எதுவும் இல்லை. ஒரே அறையில் அறுவர், ஓயாத தொலைக்காட்சி, சன்னலுக்கு வெளியே சாலை. ஒலியைக் காதில் வாங்காமலிருக்க அவள் பழகிவிட்டாள், அதில் என் குரலும் அடக்கம். நியூயார்க்கில் ரயில் பாதையோரப் பள்ளி ஒன்றில், இரைச்சல் மிகுந்த பக்கத்திலிருந்த வகுப்புகளின் மாணவர்கள் அமைதியான பக்கத்தில் படித்தவர்களைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்ததை 1975இல் வெளியான ஆய்வு காட்டியது. இரைச்சலைக் குறைத்த பின் அந்த வேறுபாடு மறைந்தது.

பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பவர்:
பூஞ்சையையும் இரைச்சலையும் பேசுகிறீர்கள், பெயின்டை யாரும் சொல்லவில்லை. நான் வேலை செய்த வீட்டில், தவழும் குழந்தை சன்னல் கட்டையிலிருந்து உரிந்த செதிளை வாயில் வைத்திருந்தது. பழைய பெயின்டில் ஈயம் (lead) என்ற நச்சு உலோகம் இருக்கலாம். அமெரிக்காவில் வீடுகளுக்கு அதை 1978இல் தடை செய்தார்கள். அதற்கு முன் பூசியது இன்னும் சுவர்களில் இருக்கிறது. உடலுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகள் நான்கைந்து மடங்கு உறிஞ்சுகிறார்கள்; அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது, பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. ஆகவே உலர்ந்த பெயின்டை உப்புத்தாள் கொண்டு தேய்க்காதீர்கள், தூசி வீடெங்கும் பரவும். தரையையும் சன்னல் கட்டையையும் ஈரத் துணியால் துடையுங்கள், உண்ணும் முன் குழந்தையின் கைகளைக் கழுவுங்கள். சுரண்டும் வேலை நடக்கும்போது குழந்தையை வேறு வீட்டில் வைத்திருங்கள். ஐயமிருந்தால், அறிகுறிக்காகக் காத்திராமல் இரத்தத்தில் ஈய அளவைச் சோதிக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.