இருக்கும் தெருவையே சூழலுக்கு இசைந்த குடியிருப்பாக மாற்ற எங்கிருந்து தொடங்குவது?

பூவரசு (கேள்வி)

நான் வசிக்கும் தெருவில் ஏறத்தாழ அறுபது வீடுகள் உள்ளன. அவற்றில் பாதிக்கு மேல் வாடகைக் குடித்தனங்கள். மழை பெய்தால் தெருமுனையில் முழங்கால் அளவு நீர் தேங்குகிறது. வெயில் காலத்தில் சிமென்ட் தளத்தின் சூடு நள்ளிரவிலும் தணிவதில்லை. நாங்கள் ஐந்து குடும்பத்தினர் சேர்ந்து, இத்தெருவை மெல்ல மெல்லச் சூழலுக்கு இசைந்த குடியிருப்பாக மாற்ற முடியுமா என்று சில மாதங்களாகப் பேசி வருகிறோம். ஆனால் சூழல் கிராமங்களைப் பற்றி நான் படித்தவற்றில் பெரும்பாலானவை, ஒத்த கருத்துடையவர்கள் கூடி, ஊருக்கு வெளியே வெற்று நிலம் வாங்கிப் புதிதாகக் கட்டியவை. எங்களிடம் வெற்று நிலமும் இல்லை, ஒத்த கருத்தும் இல்லை.

குழுவில் ஒருவர், முழுத் திட்டத்தையும் வரைபடத்துடன் தயாரித்து அறுபது வீட்டாரின் கையெழுத்தையும் பெற்ற பிறகே எதையும் தொடங்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் கூரைகளில் சூரிய மின்தகடுகளைப் பொருத்துவதே முதல் வேலை என்கிறார். எனக்கு இரண்டிலும் தயக்கம் இருக்கிறது; ஆனால் ஏன் என்று தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. இத்தகைய முயற்சிகளை அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தெருவோரன்

வெற்று நிலம் இல்லை என்பதைக் குறையாகக் கருதாதீர்கள். நின்றுகொண்டிருக்கும் வீடுகளின் செங்கல்லுக்கும் சிமென்ட்டுக்கும் இரும்புக்கும் செலவான ஆற்றல் ஏற்கெனவே செலவாகிவிட்டது. அவற்றை விட்டுவிட்டுப் புறநகரில் புதுவீடு கட்டினால் அச்செலவு இன்னொரு முறை நேர்வதோடு, வேலைக்கும் பள்ளிக்கும் அன்றாடம் வாகனத்தில் வந்துபோகும் செலவும் சேர்ந்துகொள்ளும்.

உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமான முன்னுதாரணம் லாஸ் ஏஞ்சலிஸ் சூழல் கிராமம். அதைத் தொடங்கிய லோயிஸ் ஆர்கின் என்பவரும் அவருடைய அமைப்பினரும் முதலில் வேறோர் இடத்தில், காலி நிலத்தில் புதிதாகக் கட்டவே திட்டமிட்டிருந்தார்கள். 1992இல் அந்நகரில் மூண்ட கலவரத்தில் அவர் வசித்த பகுதியிலேயே கட்டடங்கள் எரிந்தன. அதன் பிறகு, எங்கோ ஓரிடத்தில் முன்மாதிரியைக் கட்டுவதைவிட இருக்கும் இடத்தைச் சீர்செய்வதே முறை என்று முடிவெடுத்து, 1993இல் தாம் வாழ்ந்த பகுதியிலேயே பணியைத் தொடங்கினார்கள். தொடக்க காலம் அண்டை வீட்டாருடன் பழகுவதிலும், சிறுவர்களோடு சேர்ந்து பழமரங்கள் நடுவதிலும்தான் கழிந்தது. 1996இல்தான், ஆதரவாளர்களிடமிருந்து திரட்டிய கடனைக் கொண்டு, நாற்பது குடித்தனங்கள் அடங்கிய ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தை வாங்கினார்கள். கார் வைத்துக்கொள்ளாதவர்களுக்கு அங்கே வாடகையில் சலுகை தந்தார்கள். 2002இல் அந்தக் கட்டடத்தின் ஒரு சமையலறையில் சைக்கிள் பழுதுபார்க்கும் கூடம் ஒன்று உருவாகி, பின்னர் தனி இடத்துக்கு மாறும் அளவுக்கு வளர்ந்தது. அதை எந்த வரைபடத்திலும் முன்கூட்டியே குறித்திருக்க முடியாது.

ஆகவே, கையெழுத்து வாங்கிய பிறகே தொடங்க வேண்டும் என்னும் நண்பரிடம் நான் மாறுபடுகிறேன். காலி நிலத்துக்கு வருபவர்கள் கொள்கையை ஏற்றுக்கொண்டு வருகிறார்கள். உங்கள் தெருவிலிருப்பவர்களோ எதையும் ஏற்றுக்கொண்டு அங்கே குடிவரவில்லை. அவர்களிடம் ஒரு முழுத் திட்டத்தை நீட்டினால், அதில் தமக்குப் பிடிக்காத ஒரு வரியைக் கண்டுபிடித்து, முழுவதையும் மறுப்பதுதான் இயல்பாக நடக்கும். கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் 1986இல் அடுத்தடுத்த இரண்டு வீட்டார் தங்கள் கொல்லைப்புறங்களுக்கு இடையிலிருந்த வேலியைப் பிரித்தார்கள். மற்ற வீடுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து இன்று அது பதினைந்து வீடுகளுக்கும் மேற்பட்ட கூட்டுக் குடியிருப்பாக இருக்கிறது. சேர விரும்பாதவரின் வேலி அப்படியே நிற்கலாம் என்பதே இந்த முறையின் வசதி.

மழைமானி

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். கொள்கையில் உடன்படாதவர்கள்கூடத் தெருமுனையில் தேங்கும் நீரை விரும்புவதில்லை.

கணக்கு எளியது. 100 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர் நீர் விழும். ஒரே நாளில் 30 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு கூரைக்கு 3,000 லிட்டர். அதே அளவுள்ள அறுபது கூரைகளுக்கு 1,80,000 லிட்டர். ஆவியாவதும் சிதறுவதும் போக இதில் பெரும்பங்கு உங்கள் தெருமுனைக்குத்தான் ஓடிவருகிறது. ஆகவே பள்ளமான இடத்தில் பெரிய வடிகால் கேட்பதற்கு முன், மேட்டிலிருக்கும் வீடுகளில் நீரை நிறுத்த முயலுங்கள். மேட்டிலுள்ள பத்து வீட்டார் மட்டும் ஒத்துழைத்தால்கூடக் கீழே உள்ளவர்களுக்கு வேறுபாடு தெரியும்.

உறிஞ்சுகுழி தோண்டும் முன் மண்ணைச் சோதியுங்கள். முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி எடுத்து, ஒருமுறை நீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடியும் நிரப்பிப் பாருங்கள். ஒரு நாளுக்குப் பிறகும் நீர் அப்படியே நின்றால் அது களிமண், அங்கே உறிஞ்சுகுழி கொசுவைத்தான் வளர்க்கும். அப்படிப்பட்ட இடத்துக்குத் தொட்டியும் மேலோட்டமான வாய்க்காலுமே பொருந்தும். அடித்தளத்திலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளித் தோண்டுவது பாதுகாப்பு.

இருக்கும் குடியிருப்பில் இது முடியுமா என்ற ஐயத்துக்கு, சுவீடனின் மால்மோ நகரிலுள்ள அகஸ்டன்போர்க் விடையாக இருக்கிறது. அது 1950ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் கட்டப்பட்ட பகுதி; மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் சென்றதால் கனமழையில் வீடுகளின் நிலத்தடி அறைகளில் நீர் புகுவது வழக்கமாக இருந்தது. 1998 முதல், குழாயை மேலும் பெரிதாக்குவதற்குப் பதிலாக, மழைநீரைக் கூரையிலிருந்தே பிரித்து, வீடுகளுக்கு நடுவே திறந்த வாய்க்கால்களிலும் குட்டைகளிலும் ஓடவிட்டார்கள். பல கூரைகளில் செடிகள் வளர்த்தார்கள். 2014 ஆகஸ்டில் மால்மோவில் பெருமழை கொட்டியபோது அப்பகுதிக்கு அண்டைப் பகுதிகளைவிடக் குறைந்த சேதமே நேர்ந்தது. ஆனால் அங்கே நகராட்சியும் பொது வீட்டுவசதி நிறுவனமும் பணத்துடன் நின்றன என்பதை மறக்கக் கூடாது. ஐந்து குடும்பங்கள் அதை அப்படியே பின்பற்ற இயலாது.

அனுமதியைப் பற்றி ஒன்று. அமெரிக்காவின் டூசான் பாலைவன நகரில், சாலையில் ஓடும் மழைநீர் ஓரத்து மரங்களுக்குச் செல்லும்படி நடைபாதையின் விளிம்புக் கல்லில் திறப்பு வெட்டும் வழக்கத்தை பிராட் லான்காஸ்டர் என்பவரும் அவருடைய தெருவாசிகளும் அனுமதி இல்லாமலேயே தொடங்கினார்கள். நகராட்சி அதைச் சட்டப்படி ஏற்றது 2007இல்தான். நான் அந்தத் துணிச்சலைப் பரிந்துரைக்கவில்லை. ஆனால் உங்கள் வீட்டு வளாகத்துக்குள் செய்து காட்டிய ஒன்றை அதிகாரியிடம் காண்பித்துக் கேட்பதும், வெறும் மனுவைக் கொடுத்துக் கேட்பதும் ஒன்றல்ல.

சூரிய மின்தகடு கெட்டதில்லை. முதலில் கூரைக்கு வெள்ளைப் பூச்சும் மேற்குச் சுவருக்கு நிழலும் கொடுங்கள்; மின்தேவை குறைந்த பிறகு எத்தனை தகடு வேண்டும் என்று கணக்கிடலாம்.

கொல்லைப்புறம்

எங்கள் அடுக்ககத்தில் நான் முன்னின்று தொடங்கிய கூட்டு உரக்குழி, மூன்றே வாரத்தில் நாற்றமெடுத்து மூடப்பட்டது. சமையலறைக் கழிவை மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தோம். அது ஈரமும் நைட்ரஜனும் மிகுந்தது, காற்று உள்ளே செல்ல வழியே இல்லை. மறுமுறை, ஒரு வாளி சமையலறைக் கழிவுக்கு இரண்டு முதல் மூன்று வாளி காய்ந்த சருகு என்று போட்டு, வாரம் ஒருமுறை கிளறியதும் நாற்றம் நின்றது. ஆனால் முதல் முறை முகம் சுளித்த வீட்டார் ஓராண்டு வரை குப்பையைப் பிரித்துத் தரவில்லை. எனவே சருகைச் சேமித்து வைக்கும் இடத்தை முதலில் பாருங்கள். குழியை அதன் பிறகு பார்க்கலாம்.

பூவரசு

மூவருக்கும் நன்றி. ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. எங்கள் வாடகைக் குடித்தனக்காரர்களில் ஒருவர் நேற்று, “தெருவை நீங்கள் அழகாக்கினால் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவார், நாங்கள் போய்விடுவோம், அந்த மரத்தின் நிழலில் வேறு யாரோ உட்காருவார்கள்” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கூட்டுறவாளர்

அவர் சொன்னது இந்த உரையாடலிலேயே மிக முக்கியமான செய்தி. பசுமையான தெருக்களில் வாடகை உயர்வதும், பழைய குடிகள் வெளியேறுவதும் பல நகரங்களில் கண்கூடாக நடந்தவை. மேலே லாஸ் ஏஞ்சலிஸ்காரர்கள் கட்டடத்தை வாங்கியதாகச் சொல்லப்பட்டதே, அதை வெறும் விரிவாக்கமாக நான் பார்க்கவில்லை. நிலத்தைச் சந்தையிலிருந்து விலக்காமல் மரம் மட்டும் நட்டால், அம்மரம் யாருக்கு நிழல் தரும் என்பதைச் சந்தையே தீர்மானிக்கும். பின்னாளில் அவர்கள் நிலத்தை ஒரு சமுதாய நில அறக்கட்டளையிடமும் (நிலத்தை விற்காமல் பொதுவில் வைத்திருக்கும் அமைப்பு), கட்டடத்தைக் குடியிருப்போரின் கூட்டுறவுச் சங்கத்திடமும் ஒப்படைத்ததன் நோக்கமும் இதுவே. பாஸ்டன் நகரின் டட்லி தெருப் பகுதி மக்களும் இதை முன்பே உணர்ந்திருந்தார்கள். 1984இல் அமைப்பாகத் திரண்ட அவர்கள், பாழடைந்து கிடந்த தனியார் மனைகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரத்தை 1988இல் நகராட்சியிடமிருந்தே பெற்று, அந்நிலத்தை அறக்கட்டளையின் பெயரில் வைத்தார்கள்.

ஐந்து குடும்பங்கள் நாளையே கட்டடம் வாங்க முடியாது என்பது எனக்கும் தெரியும். செய்யக்கூடியது என்னவென்றால், பொதுச் செலவிலோ பொது உழைப்பிலோ ஒரு வீட்டில் மழைநீர்த் தொட்டியோ வெள்ளைக் கூரையோ அமைக்கும்போது, அதற்கு ஈடாகக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வாடகையை உயர்த்துவதில்லை என்று உரிமையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மறுப்பவர் வீட்டில் வேலை செய்யாதீர்கள். அந்த வாடகைதாரரையும் குழுவில் ஆறாவது குடும்பமாகச் சேருங்கள்; ஒப்பந்த வாசகத்தை அவரே முதலில் எழுதட்டும்.

பூவரசு

அந்த வாடகைதாரரிடம் பேசினேன், ஒப்பந்த வாசகத்தை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டார், குழுவில் சேர்வதைப் பிறகு பார்க்கலாம் என்றார். அடுத்த மழையன்று எல்லோரும் குடையுடன் தெருவை மேட்டிலிருந்து பள்ளம் வரை நடந்து, நீர் எந்த வாசலிலிருந்து எப்படி இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளப் போகிறோம். முழு வரைபடம் கேட்ட நண்பர்தான் அளவுநாடாவுடன் வருகிறார்.