கலமஸ்: வசம்புக்கும் பிரம்புக்கும் ஒரே பெயர் ஏன்?

கேள்வி
வசம்பின் தாவரவியல் பெயர் அகோரஸ் கலமஸ். பிரம்பின் பெயரோ கலமஸ் ரோட்டங். முன்னது ஈர நிலத்தில் வளரும் மணச்செடி, பின்னது பனைக் குடும்பத்தைச் சேர்ந்த முட்கொடி. இவை போதாவென்று, பறவை இறகின் அடித்தண்டையும் விலங்கியல் நூல்கள் கலமஸ் என்றே குறிக்கின்றன. உறவற்ற மூன்றுக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்தியது?

மறுமொழி 1
கிரேக்கத்தில் 'கலமோஸ்' என்றால் நாணல். நாணல் தண்டை நறுக்கி எழுதுகோல், குழல், தூண்டிற்கோல் என்று பலவும் செய்ததால், அவையனைத்தும் அதே பெயரைப் பெற்றன. லத்தீன் அதனைக் 'கலமஸ்' என ஏற்றது. பிற்பாடு நாணலின் இடத்தை வாத்திறகு பிடித்தபோது, கூராகச் சீவப்பட்டது இறகின் உள்ளீடற்ற அடித்தண்டே. ஆகவே அந்தப் பெயர் அங்கே ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. வசம்பின் கதை வேறு: பண்டைய மருத்துவர்கள் 'மணநாணல்' என்று எழுதிய சரக்கு வசம்பே என்று பிற்கால ஐரோப்பியர் கொண்டார்கள், சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் அந்தப் பழம்பெயரையே சிற்றினப் பெயராக்கினார். அதே ஆண்டில் பிரம்புக்கும் அச்சொல்லைப் பேரினப் பெயராகச் சூட்டியவர் அவர்தான்.

மறுமொழி 2
ஒன்றைச் சேர்க்க வேண்டும். நாணலும் மூங்கிலும் உள்ளே கூடானவை. பிரம்போ முழுதும் கெட்டியானது, அதனால்தான் அதனைச் சூடேற்றி வளைத்து நாற்காலி செய்ய முடிகிறது. எனவே பிரம்புக்கு இப்பெயர் வந்தது நீண்டு மெலிந்த கணுத்தண்டின் தோற்றத்தால் மட்டுமே என்று கொள்வதே பொருத்தம். இதை வைத்துத் தாவர உறவை ஊகிப்பது வீண்வேலை.

கேள்வி கேட்டவர்
நன்றி. அப்படியானால் 'கலம்காரி', 'கலாம்', நம் 'மரக்கலம்' ஆகியவையும் இதே வேரிலிருந்து வந்தவையா?

மறுமொழி 3
முதலாவது மட்டுமே. கிரேக்கச் சொல் அரபியில் எழுதுகோலைக் குறிக்கும் 'கலம்' ஆகி, பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு வந்தது. ஆந்திரத்தின் காளத்தியில் மூங்கிற்குச்சியின் நுனியருகே துணி சுற்றிச் சாயம் தோய்த்துத் துணியில் வரைவதைக் கலம்காரி என்பது அதனால்தான். 'கலாம்' பேச்சு என்னும் பொருளுடைய வேறோர் அரபுச் சொல். மரக்கலத்தின் 'கலம்' சங்க இலக்கியத்திலேயே உள்ள தமிழ்ச்சொல். ஒலி ஒத்திருப்பது தற்செயல். ஓலையில் இரும்பு எழுத்தாணியால் கீறி எழுதிய நமக்கு நாணற்கோல் தேவைப்படவில்லை. பிறகு வந்த 'பேனா'வும் இறகைக் குறிக்கும் போர்ச்சுக்கீசியச் சொல்தான். ஆனால் அந்த ஓலைச்சுவடிகளைப் பூச்சி அரிக்காமல் காக்க, அவற்றின் அருகே வைத்த பொருள்களுள் வசம்பும் ஒன்று.