பின்னால் திரும்பிப் பார்க்கும்போது காக்பிட் பார்வை இடம் நழுவுவது ஏன்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களைக் கொண்ட ஒரு சிமுலேட்டரில் சில மாதங்களாகப் பறந்து வருகிறேன். மூன்று அகச்சிவப்பு எல்இடி விளக்குகள் கொண்ட கிளிப்பை ஹெட்போனின் இடப்பக்கத்தில் மாட்டி, ஒரு வெப்கேம் மூலம், தலையசைவை விளையாட்டின் பார்வையாக மாற்றும் ஓபன்ட்ராக் மென்பொருளில் தலையசைவைப் பதிவு செய்கிறேன். நேராகப் பார்க்கும் வரை குறையில்லை. ஆனால் பகை விமானம் பின்தொடர்கிறதா என்று இடப்புறமாகத் திரும்பினால், பார்வை இருக்கையின் தலைப்பலகைக்குள் அமிழ்ந்துவிடுகிறது. வலப்புறமாகத் திரும்பினால் அதற்கு நேர்மாறாகக் கருவிப் பலகையை நோக்கி முன்னே இழுக்கப்படுகிறது. இன்னொன்று, சுடுவதற்குச் சற்று முன்பு குறிபார்க்கும் கண்ணாடியில் தெரியும் ஒளிவட்டம் ஓரமாக நழுவி மறைந்துவிடுகிறது. நடுக்கத்தைக் குறைக்க ஃபில்டரைக் கூட்டினேன். அதனால் பார்வை தலைக்குப் பின்தங்கி வருகிறதே தவிர, நழுவல் நிற்கவில்லை. வெப்கேமை மாற்ற வேண்டுமா, அல்லது என் அமைப்புகளில்தான் பிழையா?

பதில் 1

இடப்புறம் ஒருவிதமாகவும் வலப்புறம் வேறுவிதமாகவும் நழுவுகிறது என்று நீங்கள் கவனித்து எழுதியதுதான் விடையைக் காட்டிக்கொடுக்கிறது. கேமராவுக்கு உங்கள் தலை தெரியாது. அது காண்பது கிளிப்பை மட்டுமே. கழுத்தின் சுழலச்சிலிருந்து கிளிப் சுமார் 10 செ.மீ. இடப்புறம் தள்ளி இருப்பதாகக் கொள்ளுங்கள். தலையை 40 பாகை இடப்புறம் திருப்பினால், இடக்காதோடு சேர்ந்து கிளிப்பும் 6 செ.மீ.க்குச் சற்று அதிகமாகப் பின்னே போகும். வலப்புறம் திருப்பினால் அதே அளவு முன்னே வரும். நீங்கள் வெறுமனே திரும்பினீர்கள், மென்பொருளோ நீங்கள் சாய்ந்ததாக எண்ணிவிட்டது. ஃபில்டரால் இது தீராது, ஏனெனில் இது நடுக்கமன்று, தவறான கணக்கு.

ஓபன்ட்ராக்கின் புள்ளித் தடமறிதல் அமைப்பில், கிளிப்பின் மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்திலேயே தலையின் சுழல்மையம் கிளிப்பிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை அளந்தறியும் வசதி இருக்கிறது. அதைத் தொடங்கிவிட்டு, உடலை அசைக்காமல், தலையைப் பக்கவாட்டிலும் மேலும் கீழும் மட்டும் மெதுவாகத் திருப்புங்கள். தோளை நோக்கிச் சாய்க்கக் கூடாது. முதுகை இருக்கையிலிருந்து எடுக்கவும் கூடாது. பலர் இந்த இடத்தில் அவசரப்பட்டுத் தவறான அளவைப் பதிய வைத்துவிட்டு, பிறகு தலை திரும்பும் அளவுக்குப் பார்வை எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதைக் குறிக்கும் வளைகோடுகளை மாற்றி மாற்றி நாள்களை வீணாக்குகிறார்கள்.

பதில் 2

மேலே சொன்னதை முதலில் முடித்துவிட்டு ஒளிவட்டத்துக்கு வாருங்கள். தலைத் தடமறிதலை முழுவதுமாக நிறுத்திவிட்டு ஒரு இறுக்கமான வளைவில் பறந்து பாருங்கள். அப்போதும் வட்டம் நகர்ந்தால், அது உங்கள் கருவியின் வேலையன்று. புவியீர்ப்பு விசைமடங்கு (வளைவில் விமானியை அழுத்தும் ஜி விசை) ஏறும்போது விமானியின் தலை அசைவதாகக் காட்டும் விளையாட்டின் சொந்த அமைப்பு. டிசிஎஸ் வேர்ல்ட் என்ற விமானச் சிமுலேட்டரில் அதைத் தனியாக அணைக்கலாம்.

அந்தக் கண்ணாடியின் இயல்பையும் அறிந்திருப்பது நல்லது. வில்லையிலிருந்து ஒளிக்கதிர்கள் இணையாக வருவதால், வட்டம் கண்ணுக்குத் தெரியும் வரை, தலை சற்று விலகியிருந்தாலும் குறி தவறாது. கதிர்களின் அகலத்தைவிட்டுக் கண் வெளியேறியவுடன் வட்டமே மறைந்துவிடும். மெசர்ஷ்மிட் பிஎஃப் 109 விமானத்தில் ரெவி என்ற இவ்வகைக் குறிநோக்கி நடுக்கோட்டில் இல்லாமல், விமானியின் வலக்கண்ணுக்கு நேராக வலப்புறம் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தது. அந்த விமானத்தில் பறப்பவர் என்றால், தலையைச் சற்று வலப்புறம் வைத்துக்கொண்டு பார்வையை மையப்படுத்தும் பொத்தானை அழுத்திப் பழகாதீர்கள். அழுத்தியவுடன் அந்த இடமே புதிய மையமாகிவிடும். நேராக அமர்ந்து மையப்படுத்திய பிறகே வலப்புறம் சாய வேண்டும்.

பக்கவாட்டுத் திருப்பலுக்கான வளைகோட்டை நடுவில் தட்டையாகவும், விளிம்பை நோக்கிச் செங்குத்தாகவும் வரையுங்கள். கண் திரையைவிட்டு விலகாமல் 35 பாகைக்கு மேல் திரும்புவது கடினம் என்பதால், அந்த 35 பாகைக்குள்ளேயே விளையாட்டின் 150 பாகையை அடக்கியாக வேண்டும். முதல் 10 பாகையில் இந்தப் பெருக்கத்தைக் காட்டினால் எவராலும் குறிபார்க்க முடியாது.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அளவை மறுபடி பதிந்ததும் அமிழ்வதும் இழுபடுவதும் நின்றுவிட்டன. ஒளிவட்டமும் பெரும்பாலும் நிலையாக நிற்கிறது. விசைமடங்கு அசைவை அணைத்துவிட்டேன். எனினும் வேகமாகத் திரும்பும்போது மட்டும் பார்வை ஒரு கணம் உறைந்து பிறகு தாவுகிறது. ஃபில்டரைப் பழைய அளவுக்கே குறைத்த பின்பும் இது போகவில்லை.

பதில் 3

அது வெப்கேமின் தானியங்கி ஒளிப்பதிவு அமைப்பாக இருக்கக்கூடும். வெளிச்சம் போதவில்லை என்று கேமரா கருதினால், ஒவ்வொரு பிரேமையும் நீண்ட நேரம் பதிவு செய்கிறது. வேகமான அசைவில் எல்இடிப் புள்ளிகள் கோடுகளாக இழுபட்டு, மென்பொருளால் மூன்றையும் பிரித்தறிய முடியாமல் போகிறது. நொடிக்கு 30 பிரேம் என்றாலே இரு படங்களுக்கு இடையே 33 மில்லி விநாடி ஆகிறது. பிரேம் எண்ணிக்கை இதில் பாதியாகக் குறைந்தால் தாவல் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். ஒப்பிட்டுச் சொன்னால், தலையசைவைப் பதிவதற்கென்றே செய்யப்பட்ட ட்ராக்ஐஆர் 5 கேமரா நொடிக்கு 120 பிரேம் எடுக்கிறது.

புதிய கருவி வாங்குவதற்கு முன், கேமராவின் அமைப்பில் தானியங்கியை நீக்கி, புள்ளிகள் மட்டும் தெரிந்து அறை முழுவதும் கறுப்பாகும் வரை ஒளிப்பதிவு நேரத்தைக் கையால் குறையுங்கள். சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு இருப்பதால், உங்களுக்குப் பின்னால் திறந்த சன்னல் இருந்தால் திரையிட்டு மூடிவிட்டுச் சோதித்துப் பாருங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவராக இருந்தால் அதில் எதிரொளிக்கும் புள்ளியும் நான்காவது எல்இடியாகத் தோன்றக்கூடும்.