ரூலெட்டில் பணயத்தை இரட்டிப்பது பயன் தருமா?

நிலவன்:
சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில், எந்த நிறத்தில் விழும் என்று பணயம் வைக்கும் ரூலெட்டுக்குப் புதிதாக வருபவர்கள் தனி எண்களை விட்டுவிட்டுச் சிவப்பில் அல்லது கறுப்பில் மட்டும் பணயம் வைப்பதும், தோற்றால் அடுத்த சுற்றில் அதை இரட்டிப்பதுமே நல்லது என்பது என் கருத்து. 1, 2, 4 என்று ஏறினாலும், ஒருமுறை வென்றால் இழந்ததெல்லாம் மீண்டு, மேலே ஒரு சில்லு (பணத்துக்குப் பதிலாக மேசையில் வைக்கும் வில்லை) லாபமும் நிற்கும். மார்ட்டிங்கேல் எனப்படும் இந்த முறையில் பல இரவுகள் வென்று எழுந்திருக்கிறேன்.

கணக்கன்:
நீங்கள் வென்றதை நான் மறுக்கவில்லை. சிறு வெற்றி அடிக்கடி வருவதும், பெருந்தோல்வி எப்போதாவது வருவதும் இந்த முறையின் இயல்பு. ஆனால் பத்துச் சுற்றுகள் தொடர்ந்து தோற்றால் 1,023 சில்லுகள் போயிருக்கும். அடுத்த சுற்றுக்கு 1,024 வைக்க வேண்டும், அதுவும் ஒரே ஒரு சில்லு லாபத்துக்காக! பெரும்பாலும் அதற்கு முன்பே மேசையில் வைக்கக்கூடிய பணயத்தின் உச்சவரம்பு குறுக்கே நிற்கும்.

நிலவன்:
அதனால்தான் நான் எடுத்தவுடன் பணயம் வைப்பதில்லை. சக்கரத்தின் அருகிலுள்ள பலகையில் முந்தைய முடிவுகள் வரிசையாக ஒளிரும்; அதில் ஐந்து முறை தொடர்ந்து கறுப்பு விழுந்திருப்பதைப் பார்த்த பிறகே சிவப்பில் வைக்கிறேன்.

கணக்கன்:
பந்துக்கு நினைவாற்றல் கிடையாது, நண்பரே. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டே கார்லோ சூதாட்டக் கூடத்தில் கறுப்பு தொடர்ந்து 26 முறை விழுந்தது. இனிச் சிவப்புதான் வரும் என்று நம்பிப் பணயத்தை ஏற்றிக்கொண்டே போனவர்கள் பெரும்பணத்தை இழந்தார்கள். ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்தின் 37 குழிகளில் சிவப்பு 18, கறுப்பு 18, மீதமுள்ள ஒன்று பச்சைப் பூஜ்யம். ஆகவே, பலகை எதைக் காட்டினாலும் சிவப்பு தோற்கும் வாய்ப்பு 37-இல் 19தான்.

தேன்மொழி:
இரட்டிப்பதா வேண்டாமா என்பதற்கு முன், எந்தச் சக்கரத்தில் ஆடுகிறோம் என்று பார்க்க வேண்டாமா? இரட்டைப் பூஜ்யச் சக்கரத்தில் 38 குழிகள் இருந்தும், தனி எண் வென்றால் கிடைப்பது அதே 35 மடங்குதான். அதனால் கூடத்தின் சாதகம், அதாவது பணயத்தில் சராசரியாகச் சூதாட்டக் கூடத்துக்குப் போகும் பங்கு, 2.70 சதவீதத்திலிருந்து 5.26 சதவீதமாக உயர்கிறது. அந்த மேசையில் 0, 00, 1, 2, 3 ஆகிய ஐந்தையும் சேர்த்து வைக்கும் பந்தயம் இன்னும் மோசம்; அதில் 7.89 சதவீதம். மாறாக, பூஜ்யம் விழுந்தால் நிறப் பணயத்தில் பாதியைத் திருப்பித் தரும் லா பார்டாஜ் விதி உள்ள ஒற்றைப் பூஜ்ய மேசையில், சிவப்பு, கறுப்புக்கு 1.35 சதவீதம் மட்டுமே.

நிலவன்:
சக்கரத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். இனிக் கவனித்து அமர்வேன். ஆனால் நான் நான்கு தோல்விகளோடு நிறுத்திவிடுபவன். 1,023 சில்லுகள் என்ற கணக்கு எனக்குப் பொருந்தாது.

கணக்கன்:
நான்கோடு நிறுத்தினால் இழப்பு 15 சில்லுகள். ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்திலும் ஏறத்தாழ பதினான்கு தொடர்களில் ஒன்று அப்படி முடியும். பதின்மூன்றில் 13 சில்லுகளைச் சேர்த்து, அந்த ஒன்றில் 15-ஐ விடுகிறீர்கள்.