'அனுமதி' வேண்டாம், 'பேச்செடுப்பு' என்போமா?

அனைவருக்கும் வணக்கம்.

பாலியல் நலம் பற்றி நோயாளியிடம் பேச செவிலிய மாணவிகளைப் பழக்கும் பாடத்துக்குத் தமிழில் கையேடு எழுதுகிறேன். அதில் வரும் பிளிசிட் (PLISSIT) என்ற, இந்தப் பேச்சைப் படிப்படியாகக் கொண்டுபோகும் முறையின் நான்கு படிகளுக்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. அமெரிக்க உளவியலாளர் ஜாக் ஆனன் 1976-இல் வகுத்த முறை அது. முதல் படியான 'பெர்மிஷ'னுக்கு 'அனுமதி', நான்காவதான 'இன்டென்சிவ் தெரபி'க்கு 'தீவிர சிகிச்சை' என்று பலரும் எழுதியிருந்தீர்கள். அகராதிப்படி சரிதான், ஆனால் வார்டில் எடுபடாது. ஆஸ்பத்திரியில் 'அனுமதி' என்றால் அட்மிஷன், 'தீவிர சிகிச்சை' என்றால் ஐசியூ. முதல் வரைவை வகுப்பில் வாசித்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "அனுமதின்னா பேஷன்ட் கிட்ட கையெழுத்து வாங்கணுமா மேடம்?" பொருளே தலைகீழாகிவிட்டது. இங்கே செவிலியர் எதையும் வாங்கவில்லை. 'இதைப் பற்றி என்னிடம் பேசலாம்' என்று நோயாளிக்குத் தெரிவிக்கிறார், அவ்வளவுதான்.

'இடங்கொடுத்தல்' என்ற பரிந்துரை அழகாக இருந்தது. ஆனால் இந்தப் பிள்ளைகள் "ஆம்பளைங்களுக்கு இடம் குடுக்காத" என்று கேட்டே வளர்ந்தவர்கள். அந்தச் சொல்லை அவர்கள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ராயபுரம் பக்கம் ஒரு வார்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மாரடைப்பு வந்து தேறி வீட்டுக்குக் கிளம்பும் காசிமேட்டுக்காரர். வலை இழுக்கலாமா, கருவாடு சாப்பிடலாமா என்று எல்லாம் கேட்டார், ஒன்றைத் தவிர. மாணவி மாத்திரைச் சீட்டை மடித்துக்கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "நெஞ்சுவலி வந்து போனவங்க நிறைய பேரு, வீட்ல சேர்ந்திருக்கலாமான்னு கேப்பாங்கண்ணா. உங்களுக்கும் கேக்கணும்னா கேளுங்க." அவர் மனைவி டம்ளரைக் கழுவக் குழாயடிக்குப் போய்விட்டார். இவர் ஜன்னலைப் பார்த்தபடியே, "கேக்கணும்னுதாம்மா இருந்தேன்" என்றார்.

அதன் பிறகு சொன்னது இரண்டாம் படி, 'அளவான தகவல்': இரண்டு மாடி ஏறி நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வராவிட்டால் பொதுவாகப் பயமில்லை, டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், நாக்குக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை இருக்கும்போது வீரியத்துக்கு என்று விற்கும் மாத்திரையைத் தொடவே கூடாது.

அன்றைக்கு அந்தப் பெண் செய்தது பேச்சை எடுத்தது. அதனால்தான் 'பேச்செடுப்பு'. கணக்கெடுப்பு, வாக்கெடுப்பு இருக்கும்போது இது காதுக்கு அந்நியமாகாது. 'தொடக்கத்தை மட்டும்தானே குறிக்கிறது?' என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. டெய்லர், டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பின்னாளில் இந்த முறையை விரித்தபோது, முதல் படி எல்லாப் படிகளிலும் திரும்பத் திரும்ப வரவேண்டும் என்றார்கள். பேச்சையும் மறுபடி மறுபடி எடுக்கலாமே. இன்று "வேணாம் சிஸ்டர்" என்றவர் அடுத்த தடவை பேசலாம்.

நான்காம் படிக்கு 'நிபுணர் சிகிச்சை' என்று போட்டுவிட்டேன்.

அப்புறம், 'தாம்பத்தியம்' என்று எங்கும் எழுதவில்லை. கல்யாணமாகாதவரும் துணையை இழந்தவரும் அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். 'பாலியல்' கையேட்டில் இருக்கட்டும். கட்டிலருகே 'சேர்ந்திருப்பது' போதும்.

மூன்றாம் படிதான் இன்னும் அமையவில்லை. நோயாளியின் நிலைமைக்கென்றே சொல்லும் யோசனை அது: மூட்டுவலிக்காரருக்குத் தலையணையை எங்கே வைப்பது என்பதுபோல. இப்போதைக்கு 'குறிப்பான யோசனை' என்று எழுதியிருக்கிறேன், திருப்தியில்லை. திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.