மண் ஈரமா இருக்கு, ஆனாலும் செடி வாடுது. ஜன்னலோரக் கன்றுகளுக்கு என்ன கோளாறு?

சிப்புட்செடி:

வணக்கம். மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல ஒரு மாடி தெர்ரஸ் வீடு. ஹால் ஜன்னல் கிழக்கு பார்த்தது. காலை வெயில் பத்து மணி வரைக்கும் விழும், அதுக்கப்புறம் வெறும் வெளிச்சம்தான். அங்க மூணு இளஞ்செடி இருக்கு. மூணுக்கும் வேற வேற அறிகுறி, அதான் குழப்பம்.

அக்லோனிமா: நர்சரியில சின்னத் தொட்டியில வந்தது, இப்போ 20 செ.மீ. தொட்டியில இருக்கு. கோக்கோபீட் (தேங்காய் நார்த்தூள்) பாதி, செக்காம் பாக்கார் (கருக்கின நெல் உமி) பாதி. அடி இலை ஒவ்வொண்ணா மஞ்சளாகி, தொட்டாலே கழண்டு வருது.

மணி பிளாண்ட்: மைலோ டின்ல. இலை நுனியில கறுப்புத் திட்டு, அதைச் சுத்தி மஞ்சள்.

கறிவேப்பிலைக் கன்று: செம்மண் பாலிபேக்ல வந்ததை மண் உடையாம அப்படியே பெரிய தொட்டியில வச்சு, சுத்தி கோக்கோபீட் போட்டது. புதுத்துளிர் வெளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. மத்தியானம் தலை தொங்குது.

ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி, அதுவும் மேல்மண்ணை விரலால தொட்டுப் பார்த்து, காய்ஞ்சிருந்தா மட்டும். இப்போ குட்டிக் கறுப்பு ஈ வேற பறக்குது. தண்ணி கூடிப்போச்சா, பத்தலையா? 15-15-15 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து சமமா உள்ளது) கொஞ்சம் போடலாமா?

உமிக்கரி:

உரத்தை இப்போ தொடாதம்மா. அடிபட்ட வேர் உர உப்பைச் சரியா இழுக்காது. உரம் மண்ணிலேயே தங்கி, மிச்சம் இருக்கிற நல்ல வேரையும் சுட்டுடும்.

மூணுமே ஈரக் கோளாறுதான், காரணம்தான் வேற வேற. மண் ஈரமா இருக்கும்போதே செடி தொங்குதுன்னா வேர் மூச்சு முட்டுதுன்னு அர்த்தம். மண்துகளுக்கு நடுவில இருக்கிற சந்தெல்லாம் தண்ணி நிறைஞ்சுட்டா ஆக்சிஜன் உள்ள போகாது. வேர்நுனி செத்துடும், பித்தியம் மாதிரி அழுகல் கிருமிக்கு அது விருந்து. வேர் போனா தண்ணியை உறிஞ்ச ஆளில்லை, அதனால காஞ்ச செடி மாதிரியே வாடும். அதைப் பார்த்து நாம இன்னும் ஊத்துவோம். தண்ணி பத்தாத செடி அப்படி இல்லை. தொட்டி தூக்கினா லேசா இருக்கும், மண் சுருங்கி விளிம்பை விட்டு விலகியிருக்கும், இலை ஓரம் மொறுமொறுன்னு காயும், தண்ணி ஊத்தின சில மணி நேரத்தில நிமிர்ந்துடும்.

விரல் சோதனைதான் உன்னை ஏமாத்துது. கோக்கோபீட் மேல வெளுத்துப்போய்க் காஞ்ச மாதிரி தெரியும், நாலு செ.மீ. கீழ சொதசொதன்னு இருக்கும். ஒரு சாத்தே குச்சியை (இறைச்சி கோத்துச் சுடுற மூங்கில் குச்சி) எடுத்து தொட்டி அடி வரைக்கும் குத்தி, பத்து நிமிஷம் விட்டு உருவிப் பாரு. எந்த உயரத்துல குச்சி கறுத்திருக்கோ அங்கதான் ஈரம். முகர்ந்தும் பாரு. புளிச்ச நாத்தமோ சாக்கடை நாத்தமோ வந்தா வேர் அழுக ஆரம்பிச்சாச்சு.

கறிவேப்பிலைக்கு இந்தச் சோதனையை ரெண்டு இடத்துல செய்யணும்: தொட்டி ஓரத்துல ஒண்ணு, தண்டுக்குப் பக்கத்துல ஒண்ணு. செம்மண் உருண்டையில நுண்ணிய சந்து, கோக்கோபீட்ல பெரிய சந்து. நுண்ணிய சந்துதான் தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும், சுத்தி இருக்கிறதுக்கு விட்டுக்கொடுக்காது. ஓரத்துல குச்சி காஞ்சு வரும், நடுவுல களி மாதிரி ஒட்டிக்கிட்டு வரும். கன்றோட வேர் மொத்தமும் அந்த நடு உருண்டையிலதான் இருக்கு. புதுத்துளிர் மஞ்சள், நரம்பு பச்சைங்கிறது இரும்புச்சத்து ஏறலைங்கிறதுக்கு அடையாளம். மண்ணில இரும்பு இருக்கும், மூச்சு முட்டின வேரால அதை எடுக்க முடியாது. அதுக்குன்னு இரும்பு உரம் வாங்கிக் கொட்டுறது காசுக்குக் கேடு.

மைலோ டின்னுக்கு அடியில ஓட்டை இருக்கா?

சிப்புட்செடி:

ஓட்டை இல்லை அண்ணே, அடியில சரளைக்கல் போட்டிருக்கு. குச்சி குத்தினேன். அக்லோனிமாவுல பாதிக்கு மேல கறுப்பு. கறிவேப்பிலை நீங்க சொன்ன மாதிரியேதான், நடுவுல செஞ்சேறு ஒட்டிக்கிட்டு வருது. அடுத்து என்ன செய்யணும்? வெயில்ல வச்சுக் காயவிட்டா போதுமா?

கொடிக்கால்:

காய விட்டா போதுமாங்கிறதை வேரைப் பார்த்துதான் சொல்ல முடியும். நாத்தம் இல்லை, தண்டு அடி கெட்டியா இருக்குன்னா தண்ணியை நிறுத்தி, காத்தோட்டமான இடத்துல வச்சா போதும். நேர் வெயிலுக்கு மட்டும் தூக்கிடாதீங்க. வேர் இல்லாத செடியோட இலையிலிருந்து வெயில் இன்னும் தண்ணியை உறிஞ்சிடும்.

உங்க அக்லோனிமாவை வெளிய எடுத்தே ஆகணும். தொட்டியைக் கவிழ்த்து, தண்டை விரலிடுக்குல பிடிச்சுத் தட்டுங்க. வேரைக் குழாய்த் தண்ணியில மெதுவா அலசுங்க. நல்ல வேர் வெள்ளையா இல்லை சந்தன நிறமா, இழுத்தா கெட்டியா இருக்கும். அழுகின வேர் பழுப்பா கொழகொழன்னு இருக்கும். ரெண்டு விரலால பிடிச்சு இழுத்தா மேல்தோல் உறை மாதிரி கழண்டு வந்து உள்ள நூல் மட்டும் மிஞ்சும். அதையெல்லாம் 70% ஆல்கஹால்ல துடைச்ச கத்தரியால, நல்ல பகுதி தெரியுற வரைக்கும் வெட்டிடுங்க.

வேருக்கு நடுவில துணி மாதிரி ஒரு சின்ன வலை இருக்கான்னு கண்டிப்பா பாருங்க. திசு வளர்ப்புக் கன்றுகள் (ஆய்வுக்கூடத்துல சின்னத் திசுவிலிருந்து வளர்த்தது) பல நேரம் அந்த வலைக்குள்ள பீட் மண்ணோடதான் வரும். அந்த உருண்டை பிழியாத ஸ்பாஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடிச்சுக்கிட்டே இருக்கும், தண்டு அடியும் அதுக்குள்ளதான் புதைஞ்சிருக்கும். வலையைக் கத்தரிச்சு எடுத்துடுங்க.

திரும்ப நட 20 செ.மீ. தொட்டி வேண்டாம். மிச்ச வேரைச் சுத்தி ஒண்ணரை, ரெண்டு செ.மீ. இடம் இருந்தா போதும். பெரிய தொட்டியில வேர் எட்டாத மண் நாள்கணக்குல ஈரமாவே கிடக்கும், அதை உறிஞ்ச யாரும் இல்லை. கலவை: கோக்கோபீட் ரெண்டு பங்கு, பெர்லைட் (லேசான வெள்ளைக் கல் துகள்) ஒரு பங்கு, செக்காம் பாக்கார் ஒரு பங்கு. செக்காம் பாக்காரைச் சலிச்சு கறுப்பு உமியா முழுசா இருக்கிறதை மட்டும் போடுங்க. வெந்து சாம்பலான தூள் சந்தை அடைக்கும், காரத்தன்மையும் கூடும். பெர்லைட் கிடைக்கலைன்னா ஹார்ட்வேர் கடையில கிடைக்கிற ஆத்துமணல்ல பெருமணலை மட்டும் சலிச்சுக் கழுவிப் போடலாம். கடல்மணல் கூடவே கூடாது.

வேர்ல பாதிக்கு மேல போயிருந்தா இலையிலும் மூணுல ஒரு பங்கு, அடியிலிருந்து எடுத்துடுங்க. நட்டதும் ஒரு தடவை அடியில வழியுற அளவுக்கு ஊத்தி, நல்லா வடியவிட்டு, குச்சி பாதி ஆழம் வரைக்கும் காஞ்சு வந்த பிறகுதான் அடுத்தது. மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது, அதைப் பார்த்துக் கவலைப்படாதீங்க. புது இலை வந்தா வேர் பிடிச்சாச்சு.

தாமான்வாசி:

எல்லாம் சரி, ஆனா சரளைக்கல் போடுறதுல என்ன தப்பு? தண்ணி வடியத்தானே போடுறோம். அதோட ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்தினா வேருக்கு ஆக்சிஜன் கிடைக்கும்னு வீடியோவுல காட்டுறாங்க.

உமிக்கரி:

சரளைக்கல் எல்லா வீட்டுலயும் இருக்கிற பழக்கம்தான். ஆனா மண்ணுக்குள்ள இருக்கிற தண்ணி கல்லுக்குள்ள சொட்டாது, மேல மண் முழுசா நிரம்பி வழிஞ்சாதான் கீழ இறங்கும். எந்தத் தொட்டியிலும் வடிஞ்ச பிறகு அடியில ஒரு பட்டை நனைஞ்சே நிற்கும். அதோட உயரம் மண் எவ்வளவு நுண்ணியதுங்கிறதைப் பொறுத்தது, தொட்டி உயரத்தைப் பொறுத்தது இல்லை. நீங்க மூணு செ.மீ. கல் போட்டா அந்தப் பட்டையும் மூணு செ.மீ. மேல ஏறி வேர் பக்கத்துல வந்து உட்காரும். நம்பலைன்னா பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை நனைச்சு, படுக்கையா பிடிச்சு சொட்டு நிற்கிற வரைக்கும் விடுங்க. அப்புறம் நட்டமா திருப்புங்க, இன்னும் சொட்டும். குட்டைத் தொட்டியில கன்றுக்கு ஏன் ஆபத்துன்னு அதுலயே தெரிஞ்சிடும். ஓட்டை இல்லாத டின்ல அந்த சரளை வெறும் தண்ணி தேங்குற குட்டைதான்.

பெராக்சைடு: 3% மருந்துக்கடை பாட்டில்ல ஒரு பங்குக்கு மூணு பங்கு தண்ணி சேர்த்து ஊத்துவாங்க. நுரைக்கும், சீக்கிரமே தண்ணியா மாறிடும். அந்த ஆக்சிஜன் நிலைக்காது. களிமண்ணு களிமண்ணாவே இருக்கும். வெட்டின கத்தரியைத் துடைக்க வச்சுக்கோங்க, மண்ணுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தங்கச்சிக்கு: டின்னை வச்சுக்கணும்னா 6 மி.மீ. துரப்பணத்தால அடியில அஞ்சாறு ஓட்டை போடு. இல்லைன்னா ஓட்டை உள்ள பிளாஸ்டிக் தொட்டியில செடியை வச்சு, டின்னை வெளிய அழகுக்கு வச்சுக்கோ. ஊத்தின அரை மணி நேரத்துல டின்ல தேங்கினதைக் கொட்டிடணும்.

கறிவேப்பிலையை அக்லோனிமா மாதிரி வேரைக் கழுவாத, ஆணிவேர் அறுந்தா பிழைக்கிறது கஷ்டம். கோக்கோபீட்டை உதிர்த்துட்டு, செம்மண் உருண்டையோட வெளிப்பக்கம் மட்டும் ஒரு செ.மீ. சாத்தே குச்சியால கீறி இளக்கு. செம்மண், பெருமணல், மக்குன உரம் சமபங்கு கலந்து நடு. உருண்டைக்கும் சுத்தி இருக்கிற மண்ணுக்கும் தன்மை ஒத்துப்போனாதான் ஈரம் ரெண்டு பக்கமும் நகரும். அப்புறம் அது வீட்டுக்குள்ள வைக்கிற செடியே இல்லை. ஒரு வாரம் காலை வெயில் மட்டும், அதுக்கப்புறம் வாசல்ல நல்ல வெயில் படுற இடம்.

சிப்புட்செடி:

வலை இருந்தது அக்கா! சரியா தண்டு அடியில. வேர் பாதி தேறிச்சு. டின்ல சரளையைக் கொட்டினா முட்டை நாத்தம். மணி பிளாண்ட் வேர் முக்கால்வாசி போச்சு, தண்டு நல்லா இருக்கு. ஈக்கு என்ன செய்யறது? இனிமே தண்ணி எப்ப விடணும்?

உமிக்கரி:

அது மண் ஈ. பறக்குறது தொல்லைதான், கெடுக்குறது புழு. மேல் மூணு, நாலு செ.மீ. மண்ணுல இருந்து அழுகலையும் இளவேரையும் தின்னும். உருளைக்கிழங்குத் துண்டு ஒண்ணை மண்மேல கவிழ்த்து வச்சு, மறுநாள் திருப்பிப் பார். கண்ணாடி மாதிரி உடம்பு, கறுப்புத் தலையோட இருந்தா அதுதான். மேல்மண்ணைக் காயவிட்டு, ஒண்ணரை செ.மீ. பெருமணல் பரப்பு. மஞ்சள் ஒட்டு அட்டை ஒண்ணை தொட்டி ஓரத்துல குத்து. அதுக்கும் அடங்கலைன்னா கொசுப்புழுவுக்குப் போடுற பி.டி.ஐ. (புழுவைக் கொல்லுற ஒரு பாக்டீரியா மருந்து) கலந்த தண்ணியை மூணு வாரம், வாரத்துக்கு ஒரு தடவை ஊத்து. முட்டையிலிருந்து ஈ வரைக்கும் ஏறத்தாழ அவ்வளவு காலம் ஆகும், ஒரு தடவை ஊத்தி நிறுத்தினா திரும்ப வரும்.

தண்ணிக்கு நாள் கணக்கு வேண்டாம், எடை கணக்கு வை. நல்லா ஊத்தி அரை மணி நேரம் வடியவிட்டு சமையல் தராசுல வச்சு எழுதிக்கோ. குச்சி பாதி ஆழம் காஞ்சு வர்ற அன்னைக்கு மறுபடி நிறு. 1,100 கிராம் 800 ஆகியிருந்தா இனிமே 800 வரும்போதுதான் ஊத்தணும், கையாலேயே தூக்கிப் பழகிடும். அக்டோபர், நவம்பர் மழையில ஜன்னலைச் சாத்தி வச்சிருந்தா அந்த 800-க்கு வர ரெண்டு மடங்கு நாள் ஆகலாம். ஜன்னலை விட்டு ரெண்டு மீட்டர் உள்ள தள்ளி வச்சாலும் அதே கதைதான். வெளிச்சம் குறைஞ்சா செடி குடிக்கிறதும் குறையும். உரம் புது இலை ரெண்டு விரிஞ்ச பிறகு, டப்பாவுல போட்டிருக்கிறதுல பாதி அளவு.

கொடிக்கால்:

மணி பிளாண்டைக் காப்பாத்துறதை விட வெட்டி வைக்கிறது லேசு. கணு ஒண்ணு, இலை ஒண்ணு இருக்கிற மாதிரி துண்டு போட்டு, கணு மட்டும் தண்ணிக்குள்ள முங்குற மாதிரி கண்ணாடி டம்ளர்ல வையுங்க. கறுத்த நுனி உள்ள இலையைச் சேர்க்காதீங்க. தண்ணியை மூணு நாளுக்கு ஒரு தடவை மாத்துங்க. வேர் மூணு, நாலு செ.மீ. வந்ததுமே மண்ணுக்கு மாத்திடுங்க. அதுக்கு மேல விட்டா தண்ணிக்குப் பழகின வேர் மண்ணுல திணறும். ஒரு தொட்டியில நாலு துண்டு சேர்த்து நட்டா ஈரத்தையும் சீக்கிரம் உறிஞ்சும்.