அகாடமி நாமினேஷன்: எங்க வீட்டு அனுபவம்

மகள் ஒன்பதாவது படிக்கும்போதே அமெரிக்கக் கடற்படைக்கு அதிகாரிகளை உருவாக்குற அன்னபொலிஸ் கடற்படை அகாடமிதான்னு சொல்லிட்டா. மார்க் இருந்தா போதும்னு நெனச்சிருந்தேன். பதினொண்ணாவதுலதான் தெரிஞ்சுது, நாமினேஷன் (செனட்டர், பிரதிநிதி மாதிரி நாடாளுமன்ற உறுப்பினர்கள் நம்ம பேரைப் பரிந்துரைக்கிறது) இல்லாம அங்க சேரவே முடியாதுன்னு.

ஒவ்வொரு செனட்டருக்கும், ஒவ்வொரு பிரதிநிதிக்கும் ஒரு அகாடமியில ஒரே நேரத்துல 5 பேர்தான் கணக்கு. அவங்க கணக்குல படிக்கிற ஒருத்தர் வெளிய போனாத்தான் இடம் காலியாகும். அந்த ஒரு இடத்துக்குப் பல பேரை நாமினேட் பண்ணுவாங்க. அதனால நாமினேஷன் வந்தாலே சீட் கிடைச்ச மாதிரின்னு யாரும் இனிப்பு வாங்கிடாதீங்க.

ரெண்டு செனட்டர், எங்க தொகுதிப் பிரதிநிதி, துணை ஜனாதிபதி (அவருக்கும் 5 இடம்), நாலு பேருக்கும் தனித்தனியா விண்ணப்பிச்சோம். உடல்தகுதித் தேர்வுல முட்டி போட்டபடியே பேஸ்கட்பால் எறியணும். பழைய துண்டை மடிச்சு முட்டிக்கு அடியில வச்சுக்கிட்டு, கராஜ்ல தினமும் எறிவா. சுவத்துல பந்து பட்ட தடம் இன்னும் இருக்கு, நான் பெயின்ட் அடிக்கல.

நேர்காணல்ல ஓய்வுபெற்ற அதிகாரிகள் மூணு பேர். "இடம் கிடைக்கலைன்னா?"ன்னு கேட்டாங்களாம். "காலேஜ்ல ஆர்ஓடிசி (படிச்சுக்கிட்டே எடுக்கிற ராணுவ அதிகாரிப் பயிற்சி) சேர்ந்து ஆபீசர் ஆவேன், இல்லைன்னா அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பிப்பேன்"னு சொல்லியிருக்கா. பிரதிநிதிகிட்டருந்து வரல. ஒரு செனட்டர் கொடுத்தார். ஏப்ரல்ல அகாடமி கடிதமும் வந்துது.

பதில் 1: வாழ்த்துகள் அக்கா! எங்க பிரதிநிதி ஒருத்தரை முதன்மையா குறிச்சு, மத்தவங்களை மாற்றா வரிசைப்படுத்திக் கொடுப்பார். அந்த முதல் ஆள் எல்லாத் தகுதியும் பெற்றுட்டா அகாடமி அவரைத்தான் எடுத்தாகணும். என் பையன் ரெண்டாவது. அவனைவிட ஸ்கோர் குறைஞ்ச பையன் வெஸ்ட் பாயின்ட் (தரைப்படை அகாடமி) போனான். அன்னிக்கு ராத்திரி இவன் சாப்பிடவே இல்ல. வரிசைப்படுத்தாம, தேர்வை அகாடமிகிட்டயே விட்டுடற உறுப்பினர்களும் இருக்காங்க. அதுதான் நியாயம்னு எனக்குப் படுது. உங்க பிரதிநிதி எந்த முறைன்னு ஆபீசுக்கு போன் போட்டு முதல்லயே கேட்டுக்குங்க.

பதில் 2: என் கணவர் நேவியில 8 வருஷத்துக்கு மேல இருக்கார். அந்த மாதிரிக் குடும்பப் பிள்ளைகளுக்கு ஜனாதிபதி நாமினேஷன் உண்டு, அதுல ஒரு அகாடமிக்கு வருஷம் 100 இடம். ஆனா அதை மட்டும் நம்பாம அக்கா சொன்ன நாலு பேருக்கும் போடுங்க. கோஸ்ட் கார்டு (கடலோரக் காவல்படை) அகாடமிக்கு நாமினேஷனே வேண்டாம். என் ரெண்டாவது பொண்ணு இப்ப அதுக்குத்தான் படிவம் நிரப்பிட்டு இருக்கா.